வெள்ளிமலையில் ஐஸ் கட்டிய தாம்பாளம்

உலகத்தில் உள்ள ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் எல்லாம் ஐஸைக் கரைத்துப் பிழைக்கிறவர்கள். ஐஸ் கரைவதைப் பார்த்துக் கண் கலங்கிய ஒரே மெக்கானிக், எனக்குத் தெரிந்து, கள்ளக்குறிச்சி மைனஸ் அண்ணன்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நான் அப்போது ஒரு விதைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, அவர் பட்டறைக்கு மேலே இருந்த மாடி அறையில் குடியிருந்தேன். ஐம்பது வயது மனிதர், விழுப்புரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. வானத்திலிருந்து பனி பூப்பூவாய் விழுவதை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், போன வாரம்தான் இமயமலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் என்று நினைக்கத் தோன்றும்.

வாடிக்கையாளர்கள் பாவம். ஒருநாள் எதிர்வீட்டு அம்மா அவரைக் கூட்டிப்போய்க் காட்டி, "ஃப்ரீசர்ல ஐஸு மலையாட்டம் கட்டிக்கினு கதவே மூட மாட்டேங்குதுங்க" என்றார்.

"மூடாதீங்க. எவ்ளோ அழகா இருக்குது பாருங்க."

"அழகு பாக்கறதுக்கா உன்ன கூப்ட்டேன்? மீனு வெக்க எடம் இல்லய்யா!"

அண்ணன் மனசில்லாமல் ஒரு மரக்கரண்டியால் அந்த ஐஸைச் சுரண்டி, தட்டில் சேர்த்து, நிழலுக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். கன்னத்தில் லேசாக ஒற்றிக்கொள்வார். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரையே தொடுவார். ஐஸே கட்டாத புது மாடல் ஃப்ரிட்ஜ்கள் வந்தபோது, அவற்றைப் பழுது பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஐஸே கட்டாதாம். அதுக்குப் பேரு ஃப்ரிட்ஜா? பீரோன்னு சொல்லு."

சினிமாப் பைத்தியம், சீட்டுப் பைத்தியம் போல இது ஒரு பனிப் பைத்தியம் என்று விட்டுவிடலாம். சிக்கல் எங்கே என்றால், ஐஸாய் உறைகிற பனி நம் ஊருக்கும் வருகிறது, யாரோ அதை மறைக்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். கார்த்திகை பிறந்ததும் அவருக்குச் சந்தேக சீசன் ஆரம்பித்துவிடும்.

பட்டறை வாசலில் மூன்று தெர்மாமீட்டர் தொங்கும். எதற்கு மூன்று என்று கேட்டேன்.

"ஒன்னு பொய் சொன்னா இன்னொன்னு காட்டிக் குடுத்துடும் பா."

"மூணும் ஒரே மாதிரிதான காட்டுது அண்ணா?"

அவர் மூன்றையும் மாறி மாறி முறைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூணும் கூட்டு சேந்துக்கிச்சு."

டிவியில் குளிர் நிலவரம் வாசித்தால் ஒலியைக் கூட்டுவார். ஊட்டி வரும், கொடைக்கானல் வரும், ஏற்காடுகூட வரும். எங்கள் ஊரை ஒட்டிய கல்வராயன்மலை வராது, அதன் மேலே இருக்கிற வெள்ளிமலையும் வராது. "ஏன் வரல? நீ சொல்லு. ஊட்டியில ஸ்வெட்டர் விக்கிறவன் வுடுவானா? வெள்ளிமலையில ஐஸு கட்டுதுன்னு தெரிஞ்சா அவன் கடைய யாரு சீண்டுவா?" என்பார். போனில் பார்க்கலாமே என்றால் போன் மீது இன்னும் கோபம். வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அது ஏறக்குறைய ஒரே டிகிரி காட்டுமாம். "இந்தப் போனு கீழயே குந்திக்கினு மேல பாத்து சொல்லுது. ஒருவாட்டியாவது மலை ஏறுச்சா?"

ஊர் மொத்தமும் வங்கக் கடலைப் பார்த்துப் புயல் வருமா, பள்ளிக்கூடம் லீவா என்று காத்திருக்கும்போது, மைனஸ் அண்ணன் மட்டும் மேகத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். மேகம் இருந்தால் ராத்திரி குளிராதாம், வானம் போர்வை போர்த்திக்கொண்டு விடுமாம். இது நிஜமென்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் வேண்டுமென்றே கள்ளக்குறிச்சிப் பக்கம் மேகத்தை அனுப்புகிறார்கள் என்று அவர் சொன்னதை இன்றுவரை நான் ஏற்கவில்லை.

செத்துப்போன ஒரு ஃப்ரிட்ஜின் கதவுதான் அவருடைய பதிவேடு. மார்க்கர் பேனாவால் மூன்று கட்டம் போட்டிருந்தார். டிவி சொன்னது, போன் சொன்னது, நெஜம். அந்த நெஜம் மற்ற இரண்டையும்விட எப்போதும் கம்மியாகவே இருக்கும். எதை வைத்து எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "என் முட்டி சொல்லுது" என்பார்.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் மார்கழியில் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு கம்பளி, ஒரு பை என்று மூட்டை கட்டிக்கொண்டு அண்ணன் வெள்ளிமலை பஸ் ஏற ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண் சிவந்து வருவார். வீட்டில் சொன்ன காரணம், "சர்வீஸ் கால்."

அவர் மனைவி அஞ்சலை அண்ணி தியாகதுருகத்துப் பெண். வாய் கம்மி, கண் ஜாஸ்தி. மூன்றாவது சனிக்கிழமை மாடிப்படி ஏறி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒன்னு கேக்குறேன். மார்கழிக் குளிர்ல, அதுவும் மலை மேல, எவன் வூட்டுல ஃப்ரிட்ஜு ரிப்பேர் ஆவுது?"

அண்ணி அடுத்ததைப் போட்டார். "என் தாம்பாளத்தக் காணோம். எங்கப்பா பேரு வெட்டி, சீர்ல குடுத்தது. அது எந்த வூட்டுக்குப் போச்சு?"

நம் ஊரில் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் வீடு மாறிப் போனால் அதற்கு அர்த்தமே வேறு. அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து வெள்ளிமலையில் இன்னொரு குடும்பமா என்று கேட்கிற கண் அது. "நீ கூடப் போயி பாத்துட்டு வா. அப்படி ஒன்னு இருக்குதுன்னா சொல்லிடு. நான் தியாகதுருகம் பஸ் ஏறிடுறேன்" என்றார். பை ஏற்கெனவே தயாராக இருந்ததைப் பிறகு பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை, மலையைப் பார்க்க ஆசை என்று சொல்லி அண்ணனோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன டிவிக்காரன் அனுப்பலியே?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம்.

அண்ணன் நேரே போனது ஒரு மளிகைக் கடைக்கு. கடைக்காரர் அவருடைய பழைய வாடிக்கை. ஜூஸ் பாட்டில் அடுக்குகிற குளிர்பெட்டியை அண்ணன் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பாராம், பதிலுக்குப் பின்பக்கம் படுக்க இடம். பின்னால் மரவள்ளிக் காடு. அதன் நடுவே ஒரு வெட்டவெளியில் தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் பையிலிருந்து எடுத்து வைத்தார், அண்ணியின் தாம்பாளத்தை. அதில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். வேலை அவ்வளவுதான்.

"இது எதுக்கு அண்ணா?"

"ஐஸு கட்டும். காத்து அசையாம, மேகம் இல்லாம இருந்தா கட்டியே தீரணும். ஒரே ஒருவாட்டி கட்டிட்டா போதும் பா. அப்புறம் எவன் இன்னா சொன்னாலும் எனக்குக் கவலையில்ல."

விடியற்காலை குளிரில் பல் தந்தியடிக்க எழுந்து போனோம். தாம்பாளத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு வண்டு நீந்திக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த வண்டை முதலில் சந்தேகப்பட்டார், அது சுற்றிச் சுற்றி நீந்தித் தண்ணீரைச் சூடாக்கிவிட்டதாம். அடுத்து கடைக்காரரின் ஆடு மூச்சு விட்டிருக்கும் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீ ராத்திரி இந்தப் பக்கம் வந்தியா? உன் ஒடம்பு கொஞ்சம் சூட்டு ஒடம்பு."

கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே, "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம். குளிரும். ஐஸெல்லாம் பாத்ததில்லீங்க" என்றார்.

"உங்கள மாதிரி ஆளுங்க காலைல லேட்டா எந்திரிக்கிறதாலதான் வெளிய தெரியல" என்றார் அண்ணன்.

கீழே வந்து அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு பெண் இல்லை, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பார்க்கிறார் என்றேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு எவ்ளோ குடுத்தாரு?" என்றார். உண்மையைச் சொல்லி இவ்வளவு அவமானப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதனால் அடுத்த சனிக்கிழமை அண்ணியே எங்களோடு கிளம்பினார். அண்ணிக்குப் பஸ் ஆகாது. கையில் எலுமிச்சம்பழம், மடியில் பாலிதீன் பை, வளைவுக்கு வளைவு வாந்தி. மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது முகம் வெளுத்து ஆளே பாதியாகிவிட்டார். அண்ணன் விசிறிவிட்டுக்கொண்டே, "டேஞ்சரான கொண்டை ஊசி வளைவு, உனக்கு எதுக்குடி இது?" என்று புலம்பினார்.

விடிந்ததும் அண்ணி தன் கண்ணால் பார்த்தார். புருஷன் ஈரப் புல்லில் மண்டிபோட்டு, மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு, சுண்டுவிரலால் தண்ணீரைத் தொட்டார். தண்ணீர் ஆடியது. அவர் முகம் தொங்கிப்போனது. தொங்கின முகத்தை மறைக்க, "ஆடுதான்" என்று முணுமுணுத்தார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னொருத்தி இருந்தாலாவது அவ குடுமியப் புடிச்சி சண்ட போட்டுருப்பேன். இதுக்கு யாரு கூடய்யா சண்ட போடறது?"

சண்டை போட ஆள் இல்லையே தவிர, சண்டை நடந்தது. வாராவாரம் புருஷன் வீட்டில் இல்லை, பட்டறையில் வேலை கெடுகிறது, தெருவில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டார். "தை முடியற வரைக்கும் பாப்பேன். அப்புறமும் மலை, தாம்பாளம்னு போனா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

"ஐஸு கட்டிட்டா வுட்டுடறேன் அஞ்சல."

"கட்டலன்னா?"

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் மூன்று தெர்மாமீட்டரையும் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்தபோது, இந்தக் குடும்பம் ஒரு சொம்பு தண்ணீரால் உடையப்போகிறது என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

தையின் கடைசிச் சனிக்கிழமை. அண்ணி நானும் வருகிறேன் என்று மறுபடியும் கிளம்பியது எனக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், இட்லி எடுத்துப் போகிற ஹாட் பாக்ஸை ஒரு பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பசிக்கிறதே, இட்லியா அண்ணி என்று கேட்டதற்கு, "ஒன்னுமில்ல, சும்மா இரு" என்று அதட்டினார். வழியெல்லாம் வாந்தி எடுத்தார். ஆனால் ஒரு கை அந்தப் பெட்டியை விடவில்லை. எனக்கும் அந்தக் காலத்தில் அண்ணனோடு பழகிப் பழகிச் சந்தேக புத்தி வந்திருந்தது.

மறுநாள் விடியலில் அண்ணன் போட்ட கூச்சலில் கடைக்காரர் வீட்டுக் கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். தாம்பாளத்துத் தண்ணீரில் அண்ணியின் அப்பா பெயருக்கு மேலே ஒரு வட்ட ஐஸ் தகடு மிதந்துகொண்டிருந்தது.

"பாத்தியா? பாத்தியா பா? போனு இன்னா சொல்லுது? எட்றா போன!" என்று அண்ணன் குதித்தார். போனில் பதினாலு என்று இருந்தது. "பொய்! பதினாலுல ஐஸு கட்டுமா? எவ்ளோ வருஷமா ஊர ஏமாத்திக்கினு இருக்கானுங்க!" பட்டறை வாசலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த மூன்று தெர்மாமீட்டரும் அதே பதினாலைத்தான் காட்டின. அவற்றை அவர் திரும்பியே பார்க்கவில்லை.

ஐஸைப் பிரசாதம் போல உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நான் வாயில் போட்டேன். சங்கரா மீன் வாசனை குப்பென்று அடித்தது. கடைக்காரரைப் பார்த்தேன். அவரும் வாயை அசைக்காமல் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய மனசு பண்ணி, "மலை ஐஸுன்னா இப்டித்தான் இருக்கும் போல" என்றார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மரவள்ளிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு சனிக்கிழமை பஸ் ஏறவில்லை. தாம்பாளம் வீட்டுக்கு வந்தது, அண்ணியின் பை பரணுக்குப் போனது. ஃப்ரிட்ஜ் கதவில் 'வெள்ளிமலை, ஐஸ் கட்டியது' என்று பெரிதாக எழுதி, கீழே 'சாட்சி: அஞ்சலை' என்று போட்டார். என் பெயரைப் போடவில்லை. சூட்டு உடம்பு சாட்சி செல்லாது போலிருக்கிறது.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வண்டைச் சந்தேகப்பட்டவர், ஆட்டைச் சந்தேகப்பட்டவர், என்னைச் சந்தேகப்பட்டவர், மீன் நாறுகிற ஐஸை எப்படி நம்பினார்? ஊரை விட்டுக் கிளம்புகிற அன்று தைரியம் பண்ணிக் கேட்டுவிட்டேன். "அண்ணா, அந்த ஐஸ்ல மீன் வாசன வரலியா உங்களுக்கு?"

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். வீட்டுப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வந்துச்சு பா. நடுவுல வெள்ளையா வேற இருந்துச்சு, அது ஃப்ரீசர் ஐஸு. அடியில எங்க வூட்டு டிபன் பாக்ஸ் மூடியோட கோடுகூட இருந்துச்சு. இது தெரியாமயா நான் மெக்கானிக்கா இருக்கேன்?"

"அப்ப ஏன் நம்புன மாதிரி குதிச்சீங்க?"

"வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கறவ, அத மடியில வெச்சிக்கினு மலை ஏறியாந்துருக்கா. அம்மாந்தூரம் உருகாம கொண்டாந்துருக்கா பா. அதப் போயி டெஸ்ட் பண்ணச் சொல்றியா?"

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். மார்கழியில் டிவியில் குளிர் நிலவரம் வாசிப்பார்கள். ஊட்டி வரும், கொடைக்கானல் வரும், ஏற்காடுகூட வரும். முடிந்த பிறகும் டிவியை அணைக்காமல், கல்வராயன்மலை வருமா என்று அண்ணனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கிறேன்.