ஒரே ஒரு ஓட்டு கூடுதல்

மதியம் ஒரு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது, கிழித்துக் கொடுத்த வாக்குச்சீட்டுகளின் அடிக்கட்டைகள் முன்னூற்று ஒன்று. வாக்காளர் பட்டியலில் கையெழுத்துகள் முன்னூறு. பூகோள வாத்தியார் அடிக்கட்டைகளைத் திரும்ப நீட்டினார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க," என்றார் குமாஸ்தாவிடம்.

"நாலு தடவை எண்ணியாச்சு சார். எண்ண எண்ணக் குறையுமா என்ன?"

போன தேர்தலிலும் இதே வகுப்பறைதான் வாக்குச்சாவடி, இதே வாத்தியார்தான் பொறுப்பு, இதே ஒரு ஓட்டுதான் கூடுதல். வேட்பாளர்கள் இரண்டே பேர். சீட்டில் முதல் பெயர் மீசைக்காரர், இரண்டாவது கண்ணாடிக்காரர். தொகுதி முழுக்க எண்ணி முடித்தபோது மீசைக்காரர் ஒரே ஓட்டில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். கண்ணாடிக்காரர் நேராக நீதிமன்றத்துக்குப் போனார். எட்டு மாதம் இழுத்தடித்து, அந்த ஒற்றை ஓட்டு எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாததால் தேர்தலே செல்லாது, திரும்ப நடத்துங்கள் என்று தீர்ப்பு வந்தது.

வாத்தியாருக்கு வரவிருந்த தலைமையாசிரியர் பதவி அதோடு நின்றது. மறுதேர்தலையும் நீரே நடத்தும், கணக்குச் சரியாக வந்தால் பதவி, வராவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

காலையில் மனைவி வாசல்வரை வந்து, "இன்னைக்காவது உங்க வாத்தியார் புத்தியை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க," என்றாள். மகனுக்கு மருந்து குடிக்கச் சொல்லித் தருகிறேன் என்று முழு பாட்டிலையும் தானே காலி செய்த மனிதரைக் கட்டிக்கொண்டவள் வேறென்ன சொல்வாள், பாவம்!

ஆனால் மனிதர் ஒரு குறை வைக்கவில்லை. ஆறு மணிக்கே வந்து, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துச் சீல் வைத்தார். ஏழு மணிக்கு முதல் ஆளாக வந்த பால்காரருக்குக் குத்துவது, மடிப்பது, போடுவது எல்லாம் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகப் புரியவைத்தார். அப்புறம் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தவர், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

எட்டு மணிக்குக் குமாஸ்தாவுக்குப் பின்னாலேயே கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தான் மச்சான். மனைவியின் தம்பி, கண்ணாடிக்காரரின் ஏஜெண்ட்.

அவன் இப்போது காதருகே வந்தான். "என்ன அத்தான், இந்தத் தடவையும் ஒண்ணு கூடுதலாமே?"

"மெதுவாப் பேசுடா!"

"அக்கா முகத்துக்காகப் பாக்கறேன். இல்லன்னா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பேன்."

அவன் கூட்டாத ஊரை வாத்தியாரே கூட்டினார். பள்ளி ஒலிபெருக்கியில், "காலையில் ஓட்டுப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போனவர் உடனே வரவும்!" என்று அறிவித்தார்.

ஐந்தே நிமிடத்தில் பாதித் தெரு உள்ளே நின்றது. யாருக்கும் நிச்சயமில்லை.

"போட்ட மாதிரிதான் ஞாபகம். எதுக்கும் இன்னொண்ணு போட்டுடறேனே?"

"கேஸ் கீஸ் ஆயிடுமா சார்?"

குமாஸ்தா தடுப்பதற்குள், இரண்டு பேர் கண்ணில் பட்ட காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"இப்ப கையெழுத்து முன்னூத்தி ரெண்டு," என்றான் மச்சான். "ஒரு ஓட்டு குறையுது அத்தான்."

அந்தக் காலிக் கட்டங்களின் சொந்தக்காரர்கள் அப்போதுதான் வந்து சேர வேண்டுமா? ஒருவர் தையல்காரர், இன்னொருவர் ஒரு நர்ஸ்.

"என் பேருக்கு நேரா யாரோ கையெழுத்துப் போட்டிருக்கான்! என் ஓட்டு எங்கய்யா?" என்று தையல்காரர் குதித்தார்.

"கொஞ்சம் உக்காருங்க, பாத்துச் சொல்றேன்," என்று வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். தையல்காரர் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே மேலதிகாரிக்குப் போன் போட்டுவிட்டார்.

அரைமணியில் ஜீப் வந்தது. மேலதிகாரி கத்தவில்லை. பட்டியலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"ஒரே கேள்வி. கையெழுத்துப் போடாம இந்தப் பெட்டியில சீட்டு போட்டது யாரு?"

வாத்தியாரின் கண் கலங்கிவிட்டது.

"சார், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு நிமிஷம் பெட்டியை விட்டு நகரலை. எவனோ ஒரு பாவி ரெண்டு தடவையும் என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டான். அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா, சும்மா விடமாட்டேன்!"

மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. அத்தானின் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

அறிவிப்பைக் கேட்டு வந்து, அதுவரை மூலையில் கேனோடு நின்றிருந்த பால்காரர், வகுப்பில் பையன் தூக்குகிற மாதிரி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ரெண்டு தேர்தல்லயும் முதல் ஆளா வந்தவன் நான்தாங்க. ரெண்டு தடவையும் வாத்தியார் ஐயாதான், 'இப்படிப் போடணும், நல்லாப் பாத்துக்கோ'ன்னு ஒரு சீட்டைக் கிழிச்சு, முதல் பேர்ல குத்தி, அழகா மடிச்சு, பெட்டிக்குள்ளயே போட்டுக் காட்டினாரு!"