செவுள் பாடம்

"சார், மீனக் காணோம்!"

வாளிக்குள் எட்டிப் பார்த்து வகுப்புத் தலைவி தாமரை கத்தியதும் யுகேந்திரன் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே விரிவுரையாளர் டாக்டர் குளோரியா பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பயிற்சி ஆசிரியனான அவனுக்கு மதிப்பெண் போடவே பிரிக்பீல்ட்ஸ் பயிற்சிக் கல்லூரியிலிருந்து இந்தக் கிள்ளான் பள்ளிக்கு வந்திருக்கிறார். இன்று கோட்டைவிட்டால் பயிற்சி முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

உயிரியல் அவன் கேட்டு வாங்கிய வரமல்ல. உடற்கல்வி கேட்டான், இது தலையில் விழுந்தது. வழவழவென்று எதைக் கண்டாலும் அவனுக்கு உடம்பு கூசும். "சப்ஜெக்ட மாத்திக் கொடுங்க டாக்டர்" என்று குளோரியாவிடமே கெஞ்சிப் பார்த்துவிட்டான். இன்றும் பாசார் சந்தையில் வாங்கிய உயிருள்ள திலாப்பியா மீனை யாராவது மாணவன் தூக்கிக் காட்டுவான், தான் தள்ளி நின்று திரையில் படம் காட்டிச் செவுளை விளக்கிவிடலாம் என்பதுதான் திட்டம்.

மீனோ ஆய்வுக்கூடத் தரையில் துள்ளிக்கொண்டிருந்தது.

"மிதிச்சிடாதீங்க! எல்லாரும் காலத் தூக்குங்க!"

தூக்கினார்கள். யார் காலிலோ வயர் சிக்கி புரொஜெக்டர் அணைந்தது.

யுகேந்திரன் துடைப்பத்தால் மீனை வாளிப் பக்கம் தள்ளினான். அது நேராக டாக்டர் குளோரியாவின் காலடிக்குப் போனது. அவர் ஏதோ எழுதினார்.

"தண்ணி இல்லாம செத்துடும் சார், சீக்கிரம் லா!" என்றான் முன்வரிசை மாணவன் பிரவின்.

பதற்றத்தில் யுகேந்திரன் வாளித் தண்ணீரை அப்படியே மீன்மேல் கவிழ்த்தான். டாக்டரின் புடவைக் கரை நனைந்தது. அடுத்த அடியில் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தான். மீன் அவன் மடியில் வந்து விழுந்தது.

கூசுவதற்கு நேரமில்லை. இரண்டு கையாலும் கப்பென்று பிடித்தான். ஓடிப்போய் ஆய்வுக்கூடத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினான். உள்ளங்கைக்குள் செவுள் மூடி திறந்து திறந்து மூடியது. உள்ளே செக்கச் செவேலென்று அடுக்கடுக்காய் இழைகள். அட, இவ்வளவு அழகா!

"எல்லாரும் இங்க வாங்க! இந்தச் சிவப்பு பூரா ரத்தம். தண்ணில உள்ள ஆக்ஸிஜன இதுதான் உறிஞ்சுது!"

"காத்துலதான் ஆக்ஸிஜன் ஜாஸ்தியாச்சே சார், வெளிய ஏன் திணறுச்சு?"

"சூப்பர் கேள்வி! தண்ணி இல்லன்னா இந்த இழையெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும்."

கேள்விமேல் கேள்வி வந்தது. புரொஜெக்டரை யாரும் தேடவில்லை. மணி அடித்த பிறகும் ஒருவரும் நகரவில்லை.

"சப்ஜெக்ட் மாத்தணுமா யுகேந்திரன்?" என்று கேட்டார் குளோரியா.

"வேணாம் டாக்டர். நான் பயாலஜி வாத்தியார்." ஈரக் காற்சட்டையோடு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

வாளியில் தண்ணீர் பிடிக்கத் திரும்பியபோது பின்னால் தாமரையின் கிசுகிசுப்பு கேட்டது.

"நீங்க சொன்ன மாதிரியே மீன வெளிய விட்டுட்டோம் மேடம். அடுத்து வர்ற டீச்சருக்கு எதுல பயம்?"