விருந்தினர் வாசல்

‘கல்லூரி உதைபந்தாட்டப் போட்டிக்கு வரும் பழைய மாணவர் கல்லூரிக் கழுத்துப்பட்டி அணிந்திருத்தல் வேண்டும், நல்ல கோலுக்கு, எத்தரப்பு அடித்தாலும், கைதட்டுதல் வேண்டும்.’ எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் விதி இது. (வேண்டும் என்றால் வேண்டும்தான். ‘விரும்பத்தக்கது’ என்று வேறொரு சொல் இருக்கிறது.) யாழ்ப்பாணத்தில் பந்து உதைபட்ட கல்லூரி மைதானம் அத்தனைக்கும் இந்த விதிப்படி போனவன் நான். எந்த மைதானத்தில் எந்த மரத்தடியில் பின்னேர வெயில் விழாது, எந்த அதிபர் தோற்றால் தேத்தண்ணி தரமாட்டார் என்பதெல்லாம் மனப்பாடம். ஆகவே தொண்ணூறுகளின் நடுவில் சிசிலித் தீவின் பலேர்மோவில் ஒரு மைதானத்துக்கு அழைப்பு வந்தபோது எனக்குப் புத்தி சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

அழைத்தவர் என் முதலாளி, ஓர் இன்ஜினியர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்த நான் அப்போது பொலிதேயாமாப் பக்கம் அவர் வீட்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்தில் எல்லாம் தயார். பாக்கி, முதலாளி என்ற முறையில் இன்ஜினியர் வைக்கவேண்டிய ஒரு கையெழுத்துத்தான்.

“ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு வா. ரிக்கெற் என்னிடம் இருக்கிறது, வாசலில் நில். நீ என் ஓஸ்பிதே. திங்கட்கிழமை கையெழுத்து வைக்கிறேன்” என்றார்.

ஓஸ்பிதே என்றால் விருந்தினர். கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பலேர்மோவின் சீசாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரன் மரியதாஸ், நான் கண்ணாடி முன் நின்று முடிச்சுப் போடுவதைப் பார்த்தான்.

“கிளாக்கர் அண்ணை, இஞ்சை ஊர் ரீமின்ரை நிறம் ரோசாவும் கறுப்பும். உங்கடை ரை சிவப்பும் நீலமும்.”

“அது என்ரை கொலிச் நிறம், தம்பி.”

“இண்டைக்கு ஆரோடை விளையாட்டு எண்டாவது கேட்டனீங்களோ?”

“அது எனக்குத் தேவையில்லாத விசயம்” என்றேன். (விதியில் அது இல்லை.)

ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து நாலைந்து பேருந்துகள் வந்து நிற்க, அதிலிருந்து தீவின் மற்றக் கரை ஊர்க்காரர் பாட்டோடு இறங்கினார்கள். அவர்கள் கழுத்துத்துணி சிவப்பும் நீலமும். என் கல்லூரிக்கு இவ்வளவு பழைய மாணவர்களா என்று ஒரு கணம் நெஞ்சு விம்மியது.

ஒரு பொலிஸ்காரர் என் கழுத்தைப் பார்த்தார். “ஓஸ்பிதே?”

“ஸீ, ஸீ! ஓஸ்பிதே!” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

இரண்டு பக்கமும் பொலிஸ் வர உள்ளே அழைத்துப் போனார்கள். எங்கள் ஊரில் பிரதம விருந்தினருக்குத்தான் இந்த மரியாதை. இன்ஜினியரின் செல்வாக்கை மனதுக்குள் மெச்சினேன். வாசலுக்கு மேலேயும் பெரிதாக ‘ஓஸ்பிதி’ என்று பன்மையில் எழுதியிருந்தது. விருந்தினருக்குக் கம்பி வலையும் போட்டிருந்தார்கள். பாதுகாப்புக்காக இருக்கும்.

மைதானத்தில் ‘விருந்தினர்’ என்றால் எதிரிகள் என்பது, பக்கத்தில் இருந்த ஒரு மலை போன்ற மனிதர் என் கழுத்துப்பட்டியை முத்தமிட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை நோக்கிக் கையால் காட்டிய சைகையில் விளங்கிவிட்டது. (அந்தச் சைகைக்கு விளக்கவுரை தேவையில்லை.) திரும்பப் போகக் கதவு இல்லை.

இத்தோடு பேசாமல் குந்தியிருந்திருக்கலாம். இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம், அதாவது அவர்கள் பக்கம், ஒரு கோல் போட்டது. முப்பது யார் தூரத்திலிருந்து வளைந்து போன கோல். விதி விதிதானே? எழுந்து கைதட்டினேன். மலை மனிதர் என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். முழு மைதானத்துக்கும் உயரமான இடத்தில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கத்தில் இன்ஜினியரிடம் பைனாகுலர் இருந்தது.

அந்த ஒரே கோலில் பலேர்மோ தோற்றது. போட்டி முடிந்ததும் எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். படியில் கால் வைத்த பிறகுதான், இது தீவின் மற்றக் கரைக்குப் போகும் என்ற நினைப்பு வந்து, என் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதிப் பத்திரத்தை, எடுத்து நீட்டினேன். பொலிஸ்காரர் சீசா விலாசத்தை வாசித்தார், கழுத்துப்பட்டியைப் பார்த்தார், இன்னொரு தரம் விலாசத்தை வாசித்தார். “துணிச்சல்காரன்தான்” என்று தொப்பியைத் தொட்டு, என்னை இறங்கிப் போகவிட்டார்.

திங்கட்கிழமை விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது.

“அரை மணித்தியாலம் வாசலில் உனக்காக நின்றேன். நீ அங்கே தோளில் இருந்தாய்” என்றார் இன்ஜினியர். அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. என்ன செய்யவேண்டுமென்று தன் மனைவி சிஞ்ஞோராவிடம் சொல்வார், சிஞ்ஞோரா என்னிடம் சொல்லுவா.

விளக்கம் கோரப்படாவிட்டாலும் விளக்கம் கொடுக்க இடமுண்டு. மூன்று பந்தியில் எழுதினேன்: 1. கழுத்துப்பட்டி. 2. ஓஸ்பிதே என்ற சொல். 3. கைதட்டல். இணைப்பு: அதே கழுத்துப்பட்டியோடு நான் நிற்கும் கல்லூரிப் படம். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு நாளில் தபால்காரர் மணி அடித்தார். கதவைத் திறப்பது என் வேலை. நானே கையெழுத்து வைத்து வாங்கி, தட்டில் வைத்து இன்ஜினியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடித உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினான்கு நாள் கழித்து நினைவூட்டல் அனுப்பினேன். அதையும் நானே வாங்கினேன்.

“அண்ணை, ஒரே வீட்டிலை நிண்டுகொண்டு வாயாலை கதைக்க ஏலாதோ?” மரியதாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

“வாயாலை சொன்னது ஃபைலிலை நிக்காது.”

“அக்காவும் பிள்ளையும் கொழும்பிலை நிக்கினம், அதையாவது யோசியுங்கோ.”

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சொல்லவில்லை.

கடைசியில் சீசாவுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. இன்ஜினியரின் கையெழுத்து, என்னைப் போலவே இலக்கமிட்ட பந்திகள். ‘1. ஏற்கப்பட்டது. 2. பிழை எங்கள் மொழியினுடையது. 3. மன்னிக்க முடியாது. ஆனால் நல்ல கோல்தான். இணைப்பு: ஒன்று.’

இணைப்பு கையெழுத்திட்ட என் விண்ணப்பம்.

இன்றைக்கும் வீட்டுக்கு ஆள் வந்தால், என் மகள் தன் சிசிலி இத்தாலியனும் தமிழும் கலந்து உள்ளேயிருந்து கத்துவாள்: “அப்பா, ஓஸ்பிதே வந்திருக்கினம்! ரையைக் கழட்டுங்கோ!” மனைவி சிரித்துப் புரைக்கேறி நிற்பாள். நான் எழுந்து போய் அந்த ஃபைலை எடுத்துக் காட்டுவேன். அட்டையில் என் கையெழுத்திலேயே குறிப்பு இருக்கிறது: பதில் கிடைத்தது, தைப்பொங்கலன்று, முற்பகல்.