எர்த் விட்டுப்போன ஜீப்

"என் ஜீப்பில் எந்த எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது. கோளாறை நானே கண்டுபிடிப்பேன்!"

இந்தச் சபதத்தை நான் எடுத்தது சமையலறை வாசலில். கேட்டவர்கள் என் மனைவி ஏலிக்குட்டி, முதல் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பின்ஸி, அப்புறம் எங்கள் பூனை. பூனை மட்டும்தான் பயந்து ஓடியது.

"அதுதான் சரி அச்சாயா. உங்க ஜீப்பு, நீங்கதான் பாக்கணும்" என்றாள் ஏலிக்குட்டி.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் 'அதுதான் சரி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நான் பூரித்துப்போனேன்.

என் ஜீப்புக்கு வந்த நோய் விசித்திரமானது. காலையில் நன்றாக ஓடும். சாயங்காலம் நன்றாக ஓடும். மத்தியானம், நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கட்டப்பனை கிளப்புக்குச் சீட்டாடக் கிளம்பும்போது மட்டும் செத்துவிடும். சாவியைத் திருகினால் 'டிக்'. ஹாரனை அழுத்தினால் கிழட்டு ஆடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம். ஹெட்லைட் மின்மினியாகிவிடும். ஒருநாள் ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. வெள்ளை வேட்டியோடு வேறென்ன செய்வது? ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிப்பேன்.

ஒரு மத்தியானம் பொறுக்காமல், பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த வயரை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். பின்ஸி சாவியைத் திருகினாள், உடனே உறுமியது! கையில் பொறி பறந்ததில் வயரை எறிந்துவிட்டேன், வண்டியும் அடங்கிவிட்டது. ஆனால் நோய் தெரிந்துவிட்டது.

"எடியே, எர்த் விட்டுப்போயிருக்கு!"

"எர்த்துன்னா பூமிதானே அச்சாயா? அத்தனை பெரிய பூமியைக் காணோமா?"

"மின்சாரம் வேலையை முடிச்சுட்டு வண்டியோட இரும்பு வழியா பேட்டரிக்குத் திரும்பி வரணும்டி. அந்த வழி எங்கேயோ அறுந்திருக்கு. வீட்டுக்கு வர வழி தெரியாம கண்ட இடத்துல சுத்துது."

"ஓ, உங்களை மாதிரி."

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் வேட்டை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். பின்விளக்கு போல்ட்டைத் தேய்த்தேன். தேய்க்கிற ஆவேசத்தில் வைப்பர் மோட்டாரையும் கழற்றினேன், அதைத் திருப்பி மாட்டத் தெரியவில்லை. தடித்த செப்புப் பட்டையை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இறுக்கம். சாயங்காலத்தில் கோளாறே இல்லை. இல்லாத கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

"வெயில்ல இரும்பு விரியுதோ என்னவோ" என்றேன்.

"அதுதான் சரி அச்சாயா" என்றாள்.

"இந்த வாரமும் கிடைக்கலேன்னா வயர் மொத்தத்தையும் உருவிப் போட்டுட்டு, வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிர வேண்டியதுதான்." சொல்லிக்கொண்டே பானெட்டைத் தடவிக் கொடுத்தேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது. நம் துக்கத்தில் பங்கெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. சாவியைத் திருகினேன். 'டிக்'. போதும் என்று தோன்றியது. சீட்டாட்டம் நாசமாகட்டும், நோய் இருக்கும்போதே பிடித்துவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டி, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

ஏலிக்குட்டி பதறி ஓடிவந்தாள். "அச்சாயா, பஸ் போயிரும்!"

"போகட்டும்."

"சளி பிடிக்கும்!"

"பிடிக்கட்டும்."

"கிளப்புல தேடுவாங்க!"

சீட்டாடப் போகச் சொல்லி மன்றாடும் மனைவியை இந்த மலையில் யாராவது கண்டதுண்டா? அதை யோசிப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து "அம்மே!" என்று பின்ஸியின் அலறல். ஏலிக்குட்டி உள்ளே ஓடி, அவளைத் தாங்கிப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"வயரை விடுங்க அச்சாயா! இங்க வயிறு!"

"இதோ, இப்ப கிடைச்சிரும்!" மலைப்பாதை, மழை, வண்டி அசையாது, அடுத்த பஸ் எப்போதோ. தலையைத் தூக்கி ஆக்ஸிலில் இடித்துக்கொண்டேன். "மாதாவே!"

கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்த பின்ஸி கத்தினாள்: "அம்மே! நீ கழட்டின போல்ட்டை முறுக்கேன்!"

வண்டிக்கு அடியில் எனக்கு மின்சாரம் பாய்ந்தது. எர்த் இல்லாமலே.

ஏலிக்குட்டி இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவினாள். பானெட்டைத் தூக்கினாள். இன்ஜினிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு வரும் செப்புப் பட்டையின் போல்ட்டை முறுக்கினாள். மகளைப் பின்னால் படுக்க வைத்தாள். டிரைவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஜீப் கர்ஜித்தது.

அதற்குள் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்திருந்தேன். "எடியே, அது என் சீட்டு!"

"உங்க சீட்டெல்லாம் கட்டப்பனை கிளப்புல இருக்கு. ஏறுங்க!"

ஏறினேன். வைப்பர் இல்லாத கண்ணாடியில் மழை கொட்டியது. பக்கத்தில் எக்கி நின்று தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். வளைவுகளில் கியரைக் குறைத்து, வெண்ணெயில் கத்தி போவதைப் போல அவள் ஓட்டினாள்.

"எப்போடி கத்துக்கிட்டே?"

"நீங்க பஸ்ஸுல போனப்பல்லாம். வலது பக்கம் துடைங்க!"

"யாருகிட்ட?"

"நம்ம பக்கத்து வீட்டு ரோசிலிகிட்ட. அவதான் தோட்டத்துக்கு ஆள் ஏத்தி ஜீப் ஓட்டறாளே. நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி போல்ட்டைக் கழட்டுவேன், பஸ் ஏறினதும் முறுக்கிருவேன். லைசென்ஸும் வந்தாச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே. ஸ்டியரிங் என்ன புட்டுக்குழலான்னு சிரிச்சீங்க. உங்க ஆட்டம் முடியட்டும்னு பேரக்குழந்தை வயித்துக்குள்ள காத்திருக்குமா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" பின்னாலிருந்து பின்ஸி. "அம்மே, வேகமா!"

மூடினேன். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. என் ஜீப்புக்கு நோயே இல்லை! வயரெல்லாம் குத்துக்கல் மாதிரி இருக்கிறது! அந்த மழையிலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

ஆஸ்பத்திரியில் எங்களை அதிகம் காக்க வைக்கவில்லை. பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம். ஏலிக்குட்டி பெஞ்சில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், அதே துண்டால். முகமெல்லாம் கிரீஸ்.

அப்போது காவலாளி வந்தார். "வாசல்ல நிக்கிற பழைய ஜீப்போட டிரைவர் யாரு? ஆம்புலன்ஸ் உள்ள வரணும், எடுங்க."

நான் கம்பீரமாக எழுந்தேன். ஏலிக்குட்டி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

காவலாளி என் வேட்டியை, துண்டை, கரி பூசிய மூக்கை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இந்த ஆளு?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிளீனர்."