கம்பளி ரைட்டரும் காய்ச்சல்காரக் கம்ப்யூட்டரும்

உலகத்திலேயே கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் பார்த்து வைத்தியம் செய்த ஒரே மனிதர் எங்கள் நாகலூர் கம்பளி ரைட்டர்தான். சந்தேகம் இருப்பவர்கள் என்னிடம் வரலாம், நானே சாட்சி!

மலை எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் என்பதால் ரைட்டர். சித்திரை மாதத்திலும் கறுப்புக் கம்பளியோடு திரிந்ததால் கம்பளி. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரரே அதை மறந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், கிரைண்டர் வாங்கச் சேலம் போனவர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு திரும்பினார். பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட், ஜன்னலோர சீட். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் அதற்குத் தலை சுற்றாமல் இருக்க எலுமிச்சம்பழத்தைக் காட்டிக்கொண்டே வந்தாராம். வாசலில் நின்ற அவர் மனைவி ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க, இதுல மாவு அரைக்குமுங்களா?"

நான் அப்போது சேலத்திலிருந்து எஸ்டேட் ஆபீசுக்கு வந்திருந்த தற்காலிக டைப்பிஸ்ட். இனிமேல் சம்பளப் பட்டியல் கம்ப்யூட்டரில்தான் என்று மேனேஜர் அறிவித்துவிட்டார். மாதக் கடைசித் திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. பட்டியல் போடத் தெரிந்தால் வேலை நிரந்தரம். தெரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் அப்பா மாப்பிள்ளை ஜாதகத்தோடு தயாராகக் காத்திருந்தார். ஆபீசுக்கு மிஷின் இன்னும் வந்து சேரவில்லை. நாகலூரில் இருந்தது ஒன்றே ஒன்று, அது ரைட்டர் வீட்டில்.

"தாராளமா வந்து பழகு கண்ணு" என்றார். ஓடினேன். வீட்டிலும் அதற்கு ஜன்னலோர இடம்தான், வெயில் பெட்டியின் முதுகில் சுளீரென்று அடித்தது. பத்துப் பெயர் அடிப்பதற்குள் திரை கறுத்தது. பீப் என்று ஒரு கத்தல். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் முதலிலிருந்து ஆரம்பித்தது. அடித்த பெயர்கள் போன இடம் தெரியவில்லை.

"ஐயா, இது தானா அணைஞ்சு தானா எந்திரிக்குதுங்க!"

ரைட்டர் புறங்கையைப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கொதிக்குது சாமி. காய்ச்சல்! நீயும் சேலம், அதுவும் சேலம். வெயில்ல வளந்த உடம்புக்கு மலைக் குளிரு ஒத்துக்குமா? நல்லாப் போத்தி வேர்க்க வெச்சாத் தானா உட்டுரும்."

எனக்குத் தெரிந்தது டைப்ரைட்டர்தான். அது குளிரில் இறுகும். ஆகவே அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. திரையை மட்டும் விட்டுவிட்டு மிஷினுக்கு ஒரு கம்பளி போர்த்தினோம். மறுநாள் இன்னும் சீக்கிரமாக அணைந்தது.

"பாத்தியா, காய்ச்சல் ஏறுது!" என்று வெற்றிக் குரல் எழுப்பினார் ரைட்டர். தன் தோளிலிருந்த கறுப்புக் கம்பளியையே கழற்றி அதன்மேல் போட்டார். நாகலூர் சரித்திரத்தில் அவரைக் கம்பளி இல்லாமல் பார்த்தது அன்றுதான். அடுத்து மானிட்டருக்குக் குரங்குக் குல்லா. மேசைக்கடியில் கரியடுப்பு. மிளகுக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தபோது மனைவி குறுக்கே நின்றார்.

"அத அதுமேல ஊத்துனீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்!"

சேலத்திலிருந்து மெக்கானிக் ஒருவரும் வந்தார். பிளக்கை மாற்றினார். ஒயரை ஆட்டினார். கரண்ட் சரியில்லை என்று சொல்லி ஒரு ஸ்டெபிலைசர் வாங்க வைத்தார். அப்போதும் அது அணைந்து அணைந்து எழுந்தது. சரி, பெட்டியைத் திறக்கலாம் என்று கம்பளியில் கை வைத்தார் பாருங்கள், அங்கேதான் தகராறு.

"ஏனுங்க தம்பி, காய்ச்சக்காரன் போர்வைய உருவற டாக்டர எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

மெக்கானிக் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் ஞாயிறு. காலையிலிருந்தே மழை. குடை மடங்கி, தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க அவர் வாசலில் போய் நின்றேன். அழுகை வேறு பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்குப் பரீட்சைங்க. இன்னும் ஒரு பட்டியல்கூட முழுசா முடிக்கலீங்க!"

ரைட்டர் வீட்டம்மா உலர்ந்த சேலை கொடுத்தார். உடுத்திய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. வீட்டில் இருந்த இரண்டு கம்பளியும் கம்ப்யூட்டர்மேல் இருந்தன. ரைட்டர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். வெறும் துண்டோடு நின்ற அவரும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்க சாமி, இந்தப் புள்ளைக்கு முடியல" என்று மிஷினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டையும் உருவி என்மேல் போர்த்தினார். கரியடுப்பை என் முதுகுப் பக்கம் நகர்த்தினார். குல்லாவை மட்டும் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

தட்ட ஆரம்பித்தேன். பத்துப் பெயர். இருபது. ஐம்பது! அணையவில்லை! பட்டியல் ஒன்று முழுதாக முடிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், "பேசாத, கண்ணு பட்டுரும்!" என்று ரைட்டர் அதட்டினார். சோற்று வேளை கடந்தது. பொழுது சாய்ந்தது. மழைதான் நின்றது, மிஷின் நிற்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"ஐயா! அன்னிக்கு வெயிலு, அப்பறம் நாம போத்துனது, அதுதானுங்க தப்பு! சூடு தாங்காமத்தான் அணைஞ்சிருக்குது!"

ரைட்டர் நிதானமாகப் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அது இல்ல கண்ணு. நேத்து வரைக்கும் வேர்க்க வெச்சம் பாரு, அதுல காய்ச்சல் உட்டுருச்சு. வைத்தியத்துக்கு நொம்பப் பொறுமை வேணும்."

வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள், ஒருவழியாக ஆபீசுக்கு வந்து சேர்ந்திருந்த புது மிஷினில் ஒரு தப்பில்லாமல் பட்டியலைப் போட்டேன். மேனேஜர், "நீங்க இருங்க" என்றார். துள்ளிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் ரைட்டர். கறுப்புக் கம்பளி தோளில் இல்லை; மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"வேல நெலச்சுதா கண்ணு?"

"நெலச்சுதுங்க!"

"அப்ப இத வெச்சுக்க. ஆபீஸ் மிசினும் சேலத்துலருந்துதான வந்திருக்குது? மொத மழைக்கே நடுங்கும்."

மறுக்க மனம் வரவில்லை. அவ்வளவு பிரியமாக எனக்கு அதுவரை யாரும் எதையும் கொடுத்ததில்லை.

அந்தக் கம்பளி இன்றும் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். ஒன்றின்மேல்கூட அதைப் போர்த்தியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நான் போர்த்திக்கொள்கிறேன். ரைட்டர் சொன்னது சரிதான், தானாக விட்டுவிடுகிறது.