மஞ்சுவின் கையில் சிவப்பு அட்டை

காலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் மஞ்சு சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, கையைத் தூக்க வரலம்மா" என்றாள். வலது கை மணிக்கட்டிலிருந்து வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்கியது. ப்ளஸ் டூ பரீட்சைக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. என் கையிலிருந்த பால் பாத்திரம் தரையில் உருண்டது.

ஆவடி குவார்ட்டர்ஸிலேயே மனிதர்களை மனிதர்களாகப் பார்க்காத ஒரே ஆள் எதிர் பிளாக் இன்சுலேஷன் அண்ணன். தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அவருடைய நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். எது கெட்டாலும் ஒயர் மேல் இருக்கும் உறை கெட்டதுதான் காரணம் என்பார். மாமியார் மருமகள் சண்டைக்கும் அதையே சொன்னார்.

ஒரு கல்யாணத்தில் சீரியல் விளக்கு சரியில்லை என்று மெயினை அணைத்து, 'தொடாதே' என்ற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு, புது ஒயர் வாங்கப் பூந்தமல்லி போய்விட்டார். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டம். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தொழிற்சாலைக்காரர்கள். ஒருவர்கூட அதைத் தொடவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாலி ஏறியது.

பாத்திரச் சத்தத்துக்கு ஓடிவந்த மாடிவீட்டு அம்மா, "சுளுக்குதான், ஒரு இழு இழுத்தா சரியாப்பூடும்" என்று மஞ்சுவின் கையைப் பிடித்தார்.

"கைய எடும்மா. லைன்ல யாரும் கை வெக்காதீங்க." வாசலில் இன்சுலேஷன் அண்ணன், பல் துலக்கும் பிரஷ்ஷோடு. "எங்க தூங்குன கண்ணு?"

"நாற்காலியில, மாமா. படிச்சுக்கிட்டே, கையைச் சாய்வு மேல தொங்கப் போட்டு."

படித்தது நரம்பு மண்டலம். திறந்தே கிடந்த புத்தகத்தை அண்ணன் எடுத்துப் பார்த்தார்.

"மூளைதான் மெயின் போர்டு. தண்டுவடம் கேபிள் போற பள்ளம். அங்கேர்ந்து கைக்கு வர்றது நரம்பு. இந்தப் படத்தப் பாரும்மா, இது ஒரு நரம்பு செல்லு. தல கழுத்தாண்ட கீது, வாலு முழங்கையத் தாண்டிப் போவுது."

"ஒரே செல்லாண்ணே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரே செல்லு. நடுவுல ஜாயிண்ட்டே இல்ல. வாலச் சுத்திக் கொழுப்பு உறை கீது, மயலின்னு போட்டுக்கீறான். அதான் நாற்காலில நசுங்கிக்கீது. ஒயரு அறுந்திருக்காது."

"எப்படிண்ணே அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"வேற இன்னா கெட்டுப்போவும்?"

வீட்டுக்குப் போய் அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து வந்து மஞ்சுவின் மணிக்கட்டில் கட்டினார். மாடிவீட்டு அம்மா உடனே இரண்டடி பின்வாங்கினார். அவர் கணவரும் தொழிற்சாலைக்காரர்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் படித்துச் சிரித்தார். பிறகு அண்ணன் சொன்னதையே அவரும் சொன்னார். "மேல்கையில் நரம்பு அழுந்தியிருக்கு. உள்ளே அறுபட்ட மாதிரி தெரியல, உறைதான் நசுங்கியிருக்கணும். பக்கத்துச் செல்களே அதை மறுபடி கட்டிக்கும். சில வாரம் ஆகலாம்."

பரீட்சை அதுவரை காத்திருக்குமா? மணிக்கட்டுக்குப் பட்டை வைத்துக் கட்டி அனுப்பினார். ஒவ்வொரு காலையும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நாள் கட்டைவிரல் நிமிர்ந்தது. நான்கு நாளில் கை எழுந்து நின்றது. அட்டையை வெட்ட மஞ்சு கத்தரிக்கோல் எடுத்தாள். நான் விடவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து இன்சுலேஷன் அண்ணன் வந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். "வேல முடிஞ்சா கையெழுத்து போடணும். போடு கண்ணு, வலது கையால."

மஞ்சு கோணலாகப் போட்டாள். அதையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

"சப்ளை வந்துட்ச்சு" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உன் மூஞ்சியப் பாத்தேன், சொல்லிட்டேன்."