என் மாமனார் எழுதாத புத்தகம்

வெண்பலகையில் எழுதியதை அழித்துவிடலாம். அதைப் பிள்ளைகள் போனில் படம் எடுத்துவிட்டால் அழிக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், வெல்லாவெளியில் எருமை வளர்க்கும் என் மாமனார் ஒரு நூலாசிரியர் ஆகியிருக்க மாட்டார்.

மட்டக்களப்பில் வாவிக்கரையோரமாக உள்ள ஒரு கல்லூரியில் ஆய்வு எழுத்துமுறை கற்பிக்கிறேன். அப்போது நான் ஒப்பந்த விரிவுரையாளர். அதாவது, என்னை வைத்திருப்பதா விடுவதா என்று வருடா வருடம் யாரோ ஒருவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பார். ஏழு வருடம் சொறிந்த பிறகு, நிரந்தர நியமனம் தரலாம் என்று முடிவாகியது. ஒரேயொரு நிபந்தனை. வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து என் மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்த்து, நேர்முகமாகக் கேள்வி கேட்டு, என்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதவேண்டும்.

அந்த நாட்களில் நான் இணையத்தோடு தனியாளாகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். “ஒரு வரியை வெட்டி ஒட்டினாலும் எனக்கு மணக்கும்” என்று வகுப்பில் மிரட்டுவேன். (மணக்காது. நடுவில் எழுத்தின் நிறம் நீலமாக மாறியிருந்தால் மட்டும் கண்டுபிடிப்பேன்.) ‘மூலம் காட்டாத வரி களவெடுத்த வரி’ என்று எழுதிச் சுவரிலும் ஒட்டியிருந்தேன்.

ஆய்வேட்டின் கடைசியில் போடும் உசாத்துணைப் பட்டியல் எழுதுவது எப்படி என்று படிப்பித்த அன்றுதான் சனி பிடித்தது. நூலாசிரியரின் குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும் என்று சொன்னேன். ரிஸ்னா கையை உயர்த்தினாள். ஏறாவூர்ப் பிள்ளை. மிகவும் பணிவாகக் கேள்வி கேட்பாள். அந்தப் பணிவைக் கண்டாலே நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

“சேர், எங்களுக்குக் குடும்பப் பேர் எங்க இருக்கு? முன்னுக்கு இருக்கிற எழுத்து வாப்பாட பேர்தானே. அப்ப எத முன்னுக்குப் போடுற?”

“சொந்தப் பேர் முன்னுக்கு. முதலெழுத்து பின்னுக்கு.”

“ஒரு உதாரணம் போடுங்களன் சேர்.”

உதாரணத்துக்குப் பெயர் வேண்டும். எனக்கு ஞாபகம் வந்தது காலையில் சாப்பிட்ட தயிர். அந்தச் சட்டியின் வாயைக் கட்டியிருந்த தாளில் ‘வே. தம்பிப்பிள்ளை, எருமைத் தயிர், வெல்லாவெளி’ என்று அச்சடித்து, கீழே போன் நம்பரும் போட்டிருக்கும். என் மனைவியின் அப்பா. பலகையில் எழுதினேன்:

தம்பிப்பிள்ளை, வே., ‘எருமையும் சமூக மாற்றமும்’, பக்கம் 47.

ஆண்டு விடுபட்டிருந்தது; நடுவில் என் கலியாண ஆண்டைச் செருகினேன். பக்க எண் என் வயது. முப்பத்திரண்டு போன்கள் மேலே எழும்பின. “இது சும்மா உதாரணத்துக்கு…” என்று வாயைத் திறந்தேன். மணி அடித்தது. சாப்பாட்டு மணி. நானும் மனிதன்தானே.

இரண்டு மாதம் கழித்து ஆய்வேடுகளின் முதல் வரைவுகள் வந்தன. முதலாவதில், மாங்கேணி மீனவர் பற்றி எழுதியவன், ‘தம்பிப்பிள்ளை குறிப்பிடுவது போல’ என்று தொடங்கியிருந்தான். அடுத்தது காத்தான்குடி நெசவு. அதிலும் தம்பிப்பிள்ளை. கட்டாருக்குப் போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வில் தம்பிப்பிள்ளை இரண்டு இடத்தில் கண்ணீர் விட்டிருந்தார். முப்பத்தொரு வரைவு, அத்தனையும் பக்கம் நாற்பத்தேழு.

ஒருவனைப் பிடித்துக் கேட்டேன். “இந்தப் புத்தகத்த நீ எங்க பாத்த?”

“போன்ல கேட்டன் சேர். முழுச் சுருக்கமும் தந்திச்சி.”

நானும் களவாக என் போனிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் அந்தச் செயலி கொஞ்சமும் தயங்கவில்லை. ‘தம்பிப்பிள்ளை தமது நூலில் வாவிக்கரைச் சமூகத்தின் அசைவியக்கத்தை எருமையின் ஊடாக நுட்பமாக அணுகுகிறார்’ என்று தொடங்கி ஐந்து அத்தியாயங்களையும் விளக்கியது. வாசித்து முடித்தபோது எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. மாமா இவ்வளவு யோசிக்கிற ஆள் என்று தெரியாமல் போய்விட்டதே.

முப்பத்திரண்டாவது வரைவு ரிஸ்னாவுடையது. அதில் மட்டும் தம்பிப்பிள்ளை இல்லை. அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“சேர், அந்தப் புத்தகத்த மூணு நூலகத்தில தேடிட்டன். இல்ல. எங்க எடுக்கலாம்?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. ஆனால் பேராசிரியை வர இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ‘களவெடுத்த வரி’ என்று சுவரில் ஒட்டிய வாத்தியார் ஒரு முழுப் புத்தகத்தையே கயிறு திரித்தார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

“அது இப்ப அச்சில இல்ல பிள்ள,” என்றேன்.

“அப்ப எழுதினவரச் சந்திக்க ஏலுமா சேர்?”

“அவருக்கு உடம்பு சரியில்ல.”

(அதே நேரத்தில் மாமா வெல்லாவெளியில் ஒரு கடா எருமையோடு இழுபறிப்பட்டு, எருமையைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்.)

வீட்டில் மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். “பொய்ப் புத்தகத்துக்கு உங்கட அப்பாட பேரப் போட்டிருக்கலாமே,” என்றாள். “எங்கட அப்பாட்டயா கைவச்ச நீங்க?”

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. அன்று காலை ஏறாவூரில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். ரிஸ்னாவின் வாப்பா கடையிலிருந்து ஒரு சட்டித் தயிர் வாங்கி வந்திருக்கிறார். மூடியிருந்த தாளை அவள் வாசித்திருக்கிறாள். உடனே அந்த நம்பருக்குப் போன்.

“ஐயா, எருமையப் பத்தி எழுதின தம்பிப்பிள்ளை நீங்கதானா?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மாடு, எருமையின் தொடையில் சொந்தக்காரரின் பெயரெழுத்துகளைக் கம்பியால் சுடுவார்கள். அதுதான் குறி. மாமாவின் குறி ‘வே.த.’. பட்டியில் உள்ள அத்தனை எருமைக்கும் அவரே தன் கையால் சுடுவார்.

“ஓம் புள்ள. எருமையில எழுதுற நான்தான். வேற ஆருக்கும் குடுக்க மாட்டன்,” என்றிருக்கிறார்.

“எங்கட வகுப்பில முப்பத்தொரு பேர் உங்கட பேரப் போட்டிருக்காங்க ஐயா. எழுத்து மட்டும் பின்னுக்கு.”

பெயரைப் போட்டு, எழுத்தைப் பின்னுக்கு மாற்றினால் ‘வே.த.’ என்பது ‘த.வே.’ ஆகிவிடும். களவெடுத்த எருமையின் குறியைத் திருத்துபவன் செய்கிற வேலை அது. மாமா ரிஸ்னாவிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: “எந்த இடம் புள்ள?”

இங்கே தேர்வு மண்டபத்தில் பேராசிரியை ஆய்வேடுகளைப் புரட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். “எல்லாரும் தம்பிப்பிள்ளையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சந்தோஷம். நானும் அதை முன்பு வாசித்திருக்கிறேன். கொஞ்சம் பழைய அணுகுமுறைதான். ஆனாலும் முக்கியமான நூல்.”

இனி உலகத்தில் அந்தப் புத்தகம் இல்லையென்று தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும் மட்டும்தான் போலிருந்தது. தப்பினேன் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

கதவும் திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா நின்றார். கையில் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

“என்ட எழுத்தப் போட்டவனுகள் ஆரு? எழும்புங்க பாப்பம்.”

முப்பத்தொரு பிள்ளைகளும் எழும்பினார்கள். பாவம், நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள். ஒரே நேரத்தில் இத்தனை கள்வர் ஒப்புக்கொண்டதை மாமா எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் மூலையில் இருந்த என்னைக் கண்டார். “மருமகன், நீங்களும் இதுக்குள்ளயா?”

அவசரமாகப் போத்தல் மூடியைத் தேடினேன். போத்தல் கவிழ்ந்து, தண்ணீர் என் காற்சட்டையில் பார்ப்பவர்கள் தவறாக நினைக்கக்கூடிய இடத்தில் ஊற்றியது.

பேராசிரியை எழுந்து கைகூப்பினார். “நீங்கள்தான் தம்பிப்பிள்ளை ஐயாவா? உங்கள் நூலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.”

“நூலா?” மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நூல் வேணுமெண்டா காத்தான்குடிக்குப் போங்கம்மா. நாங்க தயிர்தான்.”

“இல்லை ஐயா, எருமை பற்றி எழுதியது. நாற்பத்தேழாம் பக்கம்…”

“எருமைக்கு ரெண்டு பக்கம்தானே இருக்கு,” என்றார் மாமா. “நான் எழுதுறது இடப் பக்கத்தில.”

சொல்லிவிட்டுச் சாக்கை உருவி, குறி சுடும் இரும்புக் கம்பியை மேசையில் வைத்தார். ஆய்வேடுகளின் மேல்.

“பாருங்க. வே முன்னுக்கு, த பின்னுக்கு. ஒள்ளுப்பமும், ஒரு துளியும் மாறாது. இத மாத்திப் போட ஆரு சொல்லித் தந்த?”

முப்பத்தொரு தலைகள் என் பக்கம் திரும்பின.

எழும்பினேன். ஈரக் காற்சட்டையோடு எல்லாவற்றையும் சொன்னேன். தயிர், தாள், கலியாண ஆண்டு, வயது, சாப்பாட்டு மணி, ‘அச்சில் இல்லை’ என்ற பொய் வரைக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேராசிரியை ஆய்வேடுகளின் மேலிருந்த கம்பியை ஓரமாக நகர்த்தினார். பிறகு மெதுவாக, “நான் வாசித்தது வேறொரு தம்பிப்பிள்ளையாக இருக்கவேண்டும்,” என்றார்.

“இருக்கும் மெடம்,” என்றேன். “எங்கட பக்கம் தம்பிப்பிள்ளைமார் நிறைய.”

அதற்குமேல் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவருடைய அறிக்கை நேர்மையாகவே இருந்தது: ‘விரிவுரையாளருக்கு மேற்கோள் காட்டுவதில் மேலும் ஒரு வருடப் பயிற்சி தேவை.’ எனக்கு இன்னொரு வருடம் தாடை சொறியப்பட்டது. அந்த வருடத்தில் முப்பத்தொரு பேரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, முப்பத்தொரு எருமைகளைப் பட்டியலிலிருந்து வெளியேற்றினேன்.

அதிகப் புள்ளி ரிஸ்னாவுக்குத்தான். அவளுடைய இறுதிப் பிரதியில் தம்பிப்பிள்ளையின் நூல் பற்றி ஓர் அடிக்குறிப்பு இருந்தது: ‘இந்நூலை மூன்று நூலகங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டபோது, தாம் எருமையிலேயே எழுதுவதாகக் கூறினார்.’ என் வகுப்பில் எழுதப்பட்ட மிகச் சுத்தமான ஆய்வு வாக்கியம் அதுதான்.

நியமனம் கிடைத்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்ததை நானே கழற்றினேன். ஆனால் புத்தகம் இன்னும் சாகவில்லை. போனிடம் கேட்டால் இப்போது ஆறு அத்தியாயம் சொல்கிறது. வீட்டுக்கு வரப் பிந்தி, “பாலத்தடியில நிக்கிறன், வந்திட்டன்” என்று நான் போனில் சொன்னால், மனைவி “எத்தனையாம் பக்கம்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

போன மாதம் வெல்லாவெளிக்குப் போயிருந்தோம். மாமா பட்டியடிக்குக் கூட்டிப்போய் இன்னும் கன்று போடாத ஒரு நாகு எருமையைக் காட்டினார். இடத் தொடையில் குறி ஆறியிருந்தது. குனிந்து பார்த்தேன். ‘த.வே.’

“இது மட்டும் மாறிக் கிடக்கே மாமா?”

“அது உங்கட,” என்றார். “களவெண்டு ஆரும் கேட்டா, படிச்ச முறையில சுட்டது எண்டு சொல்லுங்க.”